கோரமண்டல்: கடலில்லாத ஊருக்குக் கடற்கரைப் பெயர்

பங்கார்பேட்டையில் சென்னை–பெங்களூர் பெரும் பாதையை விட்டு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. தங்கச் சுரங்கங்களுக்காக 1894இல் போட்ட பாதை. நீளம் பத்து மைல் சொச்சம்தான். அதில் வரும் நிலையங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே கோலார் தங்கவயலின் கதை பாதி தெரிந்துவிடும். உரிகமும் மாரிகுப்பமும் சுரங்கம் வருவதற்கு முன்பே இருந்த ஊர்ப்பெயர்கள். சாம்பியன், தங்கம் மிகுந்திருந்த பாறைப் படுகைக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர். புறப்பட்ட இடமான பங்கார்பேட்டையே ஒரு காலத்தில் பவுரிங்பேட்டை. மைசூர் ஆணையராக இருந்த லூயின் பவுரிங்கின் பெயரைத் தாங்கியிருந்தது. ஆக, ஊர்க்காரர் வைத்தது, பாறையைப் பார்த்து வைத்தது, அதிகாரியின் நினைவாக வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் கிடைக்கிறது.

இவற்றோடு சேராமல் நிற்கும் ஒரு நிலையம் கோரமண்டல். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது அந்த ஊர். வங்கக் கடல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். சுற்றிலும் பாறை, வறண்ட காடு, சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய சயனைட் மண்மேடுகள். கடற்கரை ஒன்றின் பெயருக்கு இங்கே என்ன வேலை?

இந்தக் கேள்வியை இன்று யார் கேட்டாலும் முதலில் கைபேசியைத்தான் எடுப்பார்கள். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. கோரமண்டல் என்று போட்டால் ரயில் வரும், உரக் கம்பெனியின் பங்கு விலை வரும், நியூசிலாந்துச் சுற்றுலா வரும். சரி, கோலார் தங்கவயலின் ஆங்கிலச் சுருக்கமான கே.ஜி.எஃப். என்று சேர்த்துப் போடலாமென்றால் 2018இலும் 2022இலும் வந்த கன்னடப் படங்கள் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். ஆயிரக்கணக்கான பக்கங்களை இயந்திரம் கொண்டு வாரியெடுத்து அலசினால் ஒழிய ஊரைக் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றும். அப்படி வாரியெடுக்கும் தொழிலைப் பற்றியும் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. முதலில் பெயரின் கதை.

ச, க ஆனது

பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம் எளிமையானது. சோழமண்டலம் என்பதே கோரமண்டல் ஆயிற்று. ஆனால் ஆன விதம் எளிமையானதல்ல. இரண்டு ஒலிகள் மாறியிருக்கின்றன. ழகரம் ரகரமாகியிருக்கிறது, சகரம் ககரமாகியிருக்கிறது.

ழகரத்தை வேற்று மொழிக்காரர் காது பல விதமாக வாங்கியிருக்கிறது. கோழிக்கோடு காலிகட் ஆனபோது லகரம். பழவேற்காடு புலிகாட் ஆனபோதும் லகரம். தெலுங்கில் சோழர், சோடர் ஆனபோது டகரம். சோழமண்டலத்தில் மட்டும் ரகரமாக விழுந்திருக்கிறது. நாவை உள்ளே மடித்துச் சொல்லும் அந்த ஒலி ரகரத்துக்குப் பக்கத்து வீடுதான் என்பதால் வியப்பில்லை.

சகரத்தின் கதை வேறு. அது காதில் நடந்த மாற்றமல்ல, கண்ணில் நடந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியப் பயணி வர்த்தேமா இந்தப் பெயரைத் தன் மொழி எழுத்தில் பதிந்திருக்கிறார். அதை இத்தாலிய முறைப்படி வாசித்தால் ‘சோரோமண்டெல்’ என்றுதான் வரும். போர்த்துக்கீசியர் தங்கள் எழுத்துமுறையில் எழுதியதும் அதே ஒலிதான். அவர்கள் சகரத்துக்குப் போட்ட இரண்டு எழுத்துகளை, வேறு நாட்டுக்காரர்கள் வரைபடத்தில் பார்த்துத் தங்கள் மொழி வழக்கப்படி ககரமாக வாசித்தார்கள். வாசித்தபடியே பிறகு எழுதினார்கள். சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரின் பழைய ஆவணங்களில் இரண்டு வகை எழுத்தும் கலந்து கிடக்கும். கடைசியில் ககரம் வென்றது. நாகப்பட்டினத்து மீனவர் ஒருவர்கூட வாயால் சொல்லாத ஒலி, தாளிலிருந்து பிறந்து உலகமெல்லாம் நிலைத்துவிட்டது.

வேறு விளக்கங்களும் உண்டு. பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கரிமணல் என்றொரு ஊர் இருக்கிறது. கப்பல்காரர்கள் அந்தப் பெயரைத்தான் கோரமண்டல் என்று திரித்தார்கள் என்று சிலர் எழுதினார்கள். டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, அங்கிருந்து இந்தக் கரை வணிகம் முழுவதையும் நடத்தியதால் அந்த ஊகத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. ஆனால் டச்சுக்காரர் வருவதற்கு நூறாண்டு முன்பே, ஒரு பெரும் நாட்டின் பெயராக அது பதிவாகியிருக்கிறது. ஒரு மணல்மேட்டுக் கிராமத்தின் பெயர் அவ்வளவு விரிந்திருக்க வழியில்லை. ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதியைத் தொகுத்த யூல் இந்த ஊகத்தைத் தள்ளிவிட்டுச் சோழமண்டலத்தையே ஏற்றார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அந்தச் சொல் சோழ நாட்டைக் குறித்தே வருவது அதற்குப் பெரிய சான்று.

சரக்கு ஓரிடம், பெயர் வேறிடம்

இனிமேல்தான் பெயர் ஊர்சுற்றக் கிளம்புகிறது.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ‘கோரமண்டல் திரை’ என்று ஒரு பொருளைக் காணலாம். பல பலகைகளை இணைத்த மடக்குத் திரை. கறுப்பு அரக்குப் பூச்சைச் செதுக்கி, பள்ளத்தில் வண்ணம் நிரப்பியிருப்பார்கள். பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் இவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். இதில் ஒரு மரத்துண்டுகூட நம் கரையில் செதுக்கியதில்லை. முழுக்கச் சீன வேலை. சீனாவிலிருந்து வந்த திரைகள் இந்தக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறி ஐரோப்பா போயின. இறக்கிய இடத்தில் வாங்கியவர் கேட்டது ‘இது எங்கிருந்து வந்தது’ என்று. சொல்லப்பட்ட பதில் ‘கோரமண்டலிலிருந்து’. செய்த ஊரின் பெயர் போயிற்று. கைமாறிய துறைமுகத்தின் பெயர் நின்றது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

கப்பல்களின் கதையும் அப்படித்தான். 1798இல் கல்கத்தாவில் கட்டிய ஒரு கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை 1804இல் வாங்கி மலபார் என்று பெயர் வைத்தது. 1815இல் பெயரை மாற்றிக் கோரமண்டல் என்றது. மேற்குக் கரையின் பெயரைக் கழற்றிக் கிழக்குக் கரையின் பெயரை மாட்டிவிட்டார்கள். கப்பல் அதே கப்பல். பாய்மரத்துக்கு ஏற்ற கௌரி மரம் தேடி 1820இல் அது நியூசிலாந்தின் ஒரு துறையில் நங்கூரமிட்டது. துறைக்குக் கோரமண்டல் என்று பெயராயிற்று. துறையிலிருந்து தீபகற்பம் முழுவதற்கும் பரவியது. 1852இல் அங்கே தங்கம் கண்டெடுக்கப்பட்டது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் கோரமண்டல் பள்ளத்தாக்கு என்று ஓரிடம் உண்டு. அது இன்னொரு கப்பலின் பெயர். 1837இல் குடியேறிகளை இறக்கிய அந்தக் கப்பலிலிருந்து சில மாலுமிகள் தப்பி ஓடி அந்தப் பள்ளத்தாக்கில் பதுங்கினார்கள். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலும் கோரமண்டல் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் எல்லைக்குள்தான் 1938இல் 726.6 காரட் எடையுள்ள ‘ப்ரெசிடென்ட் வர்காஸ்’ வைரம் ஓர் ஆற்றில் கிடைத்தது.

நம் நாட்டுக்குள்ளேயும் பெயர் சும்மா இருக்கவில்லை. 1961இல் கோரமண்டல் ஃபெர்ட்டிலைசர்ஸ் உருவானது. 1977இல் ஹவுராவுக்கும் சென்னைக்கும் இடையே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. 1978இல் முருகப்பா குழுமம் ஒரு நிதி நிறுவனத்தைத் தொடங்கிச் சோழமண்டலம் என்று பெயர் வைத்தது. பிறகு 1981இல் அதே குழுமம் பாரி கம்பெனியை வாங்க, அதன் வழியாக உரக் கம்பெனியும் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆக மூலச் சொல்லும் அதன் திரிந்த வடிவமும் இன்று ஒரே குழுமத்தில் இரண்டு கம்பெனிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பங்குச் சந்தைக்காரர்களுக்கு இவை இரண்டு, சொல்லாராய்ச்சிக்காரனுக்கு ஒன்றே.

சுரங்கத்துக்கு வந்த பெயர்

தங்கவயலுக்குத் திரும்புவோம். இந்தப் பகுதியில் தங்கம் இருப்பதை 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் நில அளவைக்கு வந்தபோது விசாரித்தறிந்தார். ஊர்க்காரர்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுத்துக் காட்டினார்கள். அவர் எழுதிய குறிப்பைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்தவர் மைக்கேல் லவேல். அயர்லாந்துக்காரர்; நியூசிலாந்தில் மவோரிகளுக்கு எதிரான போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் தங்கியிருந்த பழைய சிப்பாய். 1873இல் மைசூர் அரசிடம் அவர் உரிமம் கேட்டார். பெரிய மூலதனம் அவரிடம் இல்லாததால் உரிமை சில ஆண்டுகளில் பெரெஸ்ஃபோர்ட் குழுவினரிடம் கைமாறியது. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. அதன் பிறகுதான் தங்கவயல், தங்கவயல் ஆனது.

ஜான் டெய்லர் சுரங்கத்தின் சொந்தக்காரர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அது நிர்வாக முகமை. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் லண்டனில் பதிவான தனித்தனிக் கம்பெனி. பணம் போட்டவர்கள் இங்கிலாந்தில். பாறை உடைத்தவர்கள் வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள். நடுவில் நிர்வாகம் செய்தது முகமை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே நிலம் எடுத்த அப்படிப்பட்ட லண்டன் கம்பெனிகளில் ஒன்றுதான் கோரமண்டல் கோல்டு மைனிங் கம்பெனி. சுரங்கம் மற்றவற்றைப் போல் பேரெடுக்கவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது: முதலில் கம்பெனிக்கு, பிறகு அந்த நிலத்துக்கு, பிறகு ரயில் நிலையத்துக்கு, கடைசியில் ஊருக்கு.

பங்கு விற்கும் கம்பெனிக்கு லண்டன்காரர் காதுக்குப் பழக்கமான இந்தியப் பெயர் வேண்டும். கோலாரின் பழைய பெயரான குவளாலமோ மாரிகுப்பமோ அங்கே யாருக்குத் தெரியும்? சென்னை வணிகத்தால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய கோரமண்டல் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே பாலகாட் என்ற இன்னொரு சுரங்கமும் இருந்தது. அதுவும் மலைமேட்டு நாட்டைச் சுட்டும் பழைய நிர்வாகச் சொல். கம்பெனிக்காரர்கள் மேட்டின் பெயர் ஒன்றையும் கரையின் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள், இடப்பொருத்தம் பார்க்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து கோரமண்டல் நேராகத் தங்கவயலுக்கு வரவில்லை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், லண்டன் பங்குச் சந்தை என்று சுற்றித்தான் வந்தது.

பதிலாள் முகவரி

கைமாறிய இடத்தின் பெயர் பொருளின் மேல் ஒட்டிக்கொள்வது பழைய வணிகத்தோடு முடிந்துவிட்ட பழக்கமல்ல. பெங்களூரில் இன்று நடக்கும் ஒரு தொழிலில் அது நொடிக்கு நூறு முறை நடக்கிறது. ரயிலேறி அந்த நகரத்துக்கு வேலைக்குப் போகும் தங்கவயல் பிள்ளைகளுக்கும் அந்தத் தொழிலின் சொற்கள் புதிதல்ல: ‘ஸ்க்ரேப் பண்றது’, ‘ப்ராக்ஸி போடறது’.

ஸ்க்ரேப் செய்வதென்றால் வலைத்தளங்களின் பக்கங்களை மனிதர் திறந்து படிக்காமல், நிரல் எழுதி வாரியெடுப்பது. கடைகளின் விலைப் பட்டியல், விமானக் கட்டணம், வேலை விளம்பரம் என்று எதையும் எடுக்கலாம். கோரமண்டல் என்ற சொல் வரும் பக்கங்களையும் எடுக்கலாம். ஐந்து லட்சம் பக்கம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தளத்திடம் நொடிக்கு ஒரு பக்கம் வீதம் கேட்டால் கிட்டத்தட்ட ஆறு நாள் ஆகும். அவசரப்பட்டு நொடிக்கு ஐம்பது கேட்டால், தளம் நம் கணினியின் ஐ.பி. முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்பது அதன் பொருள். அதற்கும் அடங்காவிட்டால் 403: உனக்கு அனுமதி இல்லை.

இதைத் தாண்டத்தான் டேட்டா சென்டர் ப்ராக்ஸி. ஒரு டேட்டா சென்டரில் வரிசையாக அடுக்கிய சர்வர்களுக்கு நூற்றுக்கணக்கான முகவரிகள் இருக்கும். அவற்றை மாத வாடகைக்குத் தருகிறார்கள். நம் கேள்வி முதலில் அந்தச் சர்வருக்குப் போகும். அது தன் முகவரியைப் போட்டுத் தளத்திடம் கேட்கும். பதிலை வாங்கி நம்மிடம் தரும். முதல் கேள்வி ஒரு முகவரியிலிருந்து, அடுத்தது இன்னொன்றிலிருந்து. நூறு முகவரிகளைச் சுழற்றினால், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒன்றே கேட்டாலும், ஆறு நாள் வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தளத்தின் பதிவேட்டில் நம் பெயர் எங்கும் இருக்காது. நூறு அன்னியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனதாகத் தெரியும்.

தளம் நடத்துபவர்களும் விவரமானவர்கள்தான். எந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. ஆசிய–பசிபிக் நாடுகளுக்கான பதிவேட்டை ஏப்னிக் என்ற அமைப்பு வைத்திருக்கிறது. வீட்டு இணைப்புக்குத் தந்த முகவரியா, சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் முகவரியா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். டேட்டா சென்டரில் எந்த மனிதர் உட்கார்ந்து விமான டிக்கெட் தேடுகிறார்? ஒன்றில் சந்தேகம் வந்தால் பக்கத்திலிருக்கும் 256 முகவரிகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். டேட்டா சென்டர் ப்ராக்ஸி மலிவு, வேகம். மாட்டிக்கொள்வதும் அதே வேகத்தில். அதனால்தான் வீட்டு இணைப்புகளின் முகவரிகளை வாடகைக்கு விடும் இன்னொரு சந்தை உண்டு. அங்கே விலையும் கூடுதல், தன் இணைப்பு வாடகைக்குப் போவது வீட்டுக்காரருக்கே தெரியாத ஆபத்தும் உண்டு.

ப்ராக்ஸி என்ற சொல் இலத்தீனில் ‘பிறருக்காகக் காரியம் பார்ப்பது’ என்ற பொருளில் தொடங்கி, ஆங்கிலத்தில் சுருங்கி, ஓட்டுப் போடும் பதிலாளாகி, நம் கல்லூரிகளில் வராதவனுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்வதாகி, 1994 வாக்கில் செர்ன் ஆய்வகத்துப் பொறியாளர்கள் வழியாக வலைக்குள் வந்தது. அப்போது அதன் வேலை, நிறுவனத்தின் பாதுகாப்புச் சுவருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து பக்கங்களை வாங்கித் தருவது. ஒளிவுமறைவுக்காகப் பிறந்ததல்ல.

கோரமண்டல் கரைக்கு இந்த வேலை புதிதா என்ன? வெள்ளைக்காரனுக்கும் நெசவாளிக்கும் நடுவில் இரு மொழி பேசி வணிகத்தை முடித்துவைத்தவர்களைத் துபாஷ் என்றார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அப்படி இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. துபாஷ் தன் பெயரில் நின்றவர். அவரைத் தெரியாதவர் ஊரில் இல்லை. ஆளை மறைப்பதற்கென்றே நமக்கு இருக்கும் சொல் பினாமி. பாரசீகத்தில் ‘பெயர் இல்லாதது’ என்று பொருள். இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்க 1988இல் சட்டமே வந்தது. இணையத்தில் சுழலும் ப்ராக்ஸி முகவரிகளை நான் துபாஷ் கணக்கில் சேர்க்க மாட்டேன். பினாமி கணக்கில்தான் சேர்ப்பேன்.

எழுத்து ஒன்று, வழி வேறு

பெயராராய்ச்சிக்கு இந்தக் கருவி உதவுமா? உதவும்; அதே சமயம் பொறியும் வைக்கும்.

முதல் பொறி, கேட்கும் இடம். தேடுபொறிகள் கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று ஐ.பி. முகவரியைக் கொண்டு ஊகித்து அதற்கேற்பப் பதில் தரும். ஆக்லாந்து சர்வர் வழியாகக் கோரமண்டல் என்று கேட்டால் கடற்கரை விடுதிகள் முன்னே வரும். மும்பை சர்வர் வழியாகக் கேட்டால் பங்கு விலையும், 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலேஸ்வர் அருகே 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த ரயில் விபத்தும் வரும். தங்கவயலில் உட்கார்ந்து கேட்பவருக்கு வேண்டியது இந்த இரண்டில் எதுவும் அல்ல. எத்தனை முகவரிகளைச் சுழற்றினோமோ அத்தனை ஊர்க்காரர்களின் விருப்பம் நம் தரவில் கலந்துவிடும்.

அந்த ஊகமாவது சரியா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐ.பி. முகவரிகளை இடங்களோடு இணைக்கும் பட்டியல் தயாரிக்கிறது. நாடு மட்டும் தெரிந்து ஊர் தெரியாத அமெரிக்க முகவரிகளுக்கு அது நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைப் போட்டுவைத்தது. அந்தப் புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. இணையத் திருடர்களைத் தேடி ஆண்டுக்கணக்கில் போலீசார் அங்கே போய்க் கதவைத் தட்டினார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகுதான் புள்ளியை ஓர் ஏரிக்கு நகர்த்தினார்கள். சீனத் திரைக்குக் கோரமண்டல் என்று முகவரி போட்டவர்களுக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தோன்றியிருக்காது.

இரண்டாவது பொறி, எழுத்து ஒற்றுமை. இயந்திரம் சொல்லைப் பார்க்கும். சொல் வந்த வழியைப் பார்க்காது. நியூசிலாந்துக் கோரமண்டலில் தங்கம். தங்கவயல் கோரமண்டலிலும் தங்கம். லவேல் வந்ததோ நியூசிலாந்திலிருந்து. இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரே குவியலில் போட்டால் ‘லவேல்தான் பெயரைக் கொண்டுவந்தார்’ என்ற கதை தானாகவே முளைத்துவிடும். லவேல் 1870களிலேயே தன் உரிமையைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கியவர். கோரமண்டல் கம்பெனி அதற்குப் பின்னால் வந்தது. கதை நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை.

இதைவிடக் கவர்ச்சியான பொறி இன்னொன்று உண்டு. ராஜராஜ சோழன் தன் ஆட்சிப் பரப்பை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சோழர் விருதுப்பெயர்களைச் சூட்டினான். தொண்டைநாடு ஜெயங்கொண்ட சோழமண்டலம். ஈழம் மும்முடிச் சோழமண்டலம். கங்கபாடி முடிகொண்ட சோழமண்டலம். நுளம்பபாடி நிகரிலிச் சோழமண்டலம். கோலாரின் பழைய பெயர் குவளாலம். கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. குவளால நாட்டைக் கல்வெட்டுகள் நிகரிலிச் சோழமண்டலத்தில் வைக்கின்றன. அதாவது தங்கவயல் கோரமண்டல் நிற்கும் நிலப்பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உண்மையாகவே ஒரு ‘சோழமண்டலம்’!

இங்கே துள்ளிக் குதிக்கத் தோன்றுவது இயல்பு. தங்கவயல் தமிழர்கள் ‘இது சோழமண்ணின் பெயர்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. கர்நாடகத்தின் மொழி அரசியலுக்குள் அது ஓர் ஆயுதமாகவும் ஆகலாம். ஆனால் லண்டன் கம்பெனிக்காரர்களுக்கு நிகரிலிச் சோழமண்டலம் என்ற சொல் தெரிந்திருக்க வழியில்லை. கோலார்க் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்ட ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ தொகுதி, தங்கவயலில் கம்பெனிகள் பெயர் வைத்து முடித்த பிறகே வெளிவந்தது. இரண்டு பெயர்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதான். ஒன்று தஞ்சையிலிருந்து படையோடு நேரே வந்து, சோழராட்சியோடு மறைந்தது. மற்றொன்று கடல் வழியே உருமாறி வந்து, கம்பெனியோடு இறங்கியது. ஒரே மண்ணில் இரண்டும் நின்றது தற்செயல். தற்செயல் என்று ஒப்புக்கொள்வதால் அதன் அழகு குறைந்துவிடாது.

பெயரைச் சொல்லிக் கேட்பது

இடப்பெயர் அகராதி ஒன்றில் இந்தச் சொல்லுக்குப் பதிவு எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன். கோரமண்டல்: சோழமண்டலம் என்பதன் போர்த்துக்கீசிய எழுத்துவடிவத்தைப் பிற ஐரோப்பியர் ககரமாக வாசித்ததால் பிறந்த சொல். கரையிலிருந்து கப்பல் வழி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். வணிகம் வழி சீனத் திரைக்கு. பாரி கம்பெனி வழி உரத்துக்கு. லண்டன் கம்பெனி வழி கோலார் தங்கவயலின் ஊருக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் அது வந்த வழியைச் சேர்த்து எழுதினால்தான் பதிவு முழுமையாகும்.

கடைசி வழிக்கு மட்டும் இன்னும் நிறையச் சான்று தேவைப்படுகிறது. அதை எங்கே தேடுவது? பெருமளவில் பக்கங்களைச் சேர்ப்பவர்களிலும் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. காமன் கிராவ்ல் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு 2007இல் தொடங்கியது. கோடிக்கணக்கான பக்கங்களைச் சேர்த்து யாரும் எடுத்துக்கொள்ளத் தருகிறது. அதன் நிரல் எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘நான் இன்னார்’ என்று தன் பெயரைச் சொல்லும். ‘இந்தப் பக்கம் வராதே’ என்று தளங்கள் எழுதிவைக்கும் ரோபாட்ஸ் கோப்பை மதிக்கும். மார்ட்டின் காஸ்டர் 1994இல் முன்வைத்த அந்த வழக்கம் 2022இல் முறையான தரநிலையாகவே ஆகிவிட்டது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தரவைப் பிரித்தெடுத்தால் இழப்பீடு கட்ட வேண்டும் என்கிறது. சொல்லாராய்ச்சிக்காக ஐந்து லட்சம் பக்கம் வேண்டுமென்றால், ஏற்கெனவே சேர்த்துவைத்த இந்தக் களஞ்சியத்தில் அலசினாலே போதும். வாடகை முகவரிகளோடு ஓடிப் பிடித்து விளையாட வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் களஞ்சியத்தையும் தாண்டிய ஒரு பிரச்சினை இருக்கிறது. இணையத்திலிருந்து வாரியெடுக்க வேண்டுமானால் முதலில் அது இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். தங்கவயலின் எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி ஏறவில்லை. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது தொழிலாளர்களோடு சேர்ந்து தாள்களும் சிதறிப்போயின. ஒரு காலத்தில் இந்த ஊரிலிருந்து பண்டிதர் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை நடத்தினார். சாம்பியன் ரீபின் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. எழுத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். கோரமண்டல் என்ற பெயரைத் தொழிலாளர்கள் முதலில் எப்படி எழுதினார்கள், கோரமண்டலா கோரமண்டலமா, எந்த லைன் வீடுகளை அப்படி அழைத்தார்கள் என்பதெல்லாம் சம்பளச் சீட்டிலும் சங்கத் துண்டறிக்கையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தேவாலயப் பதிவேட்டிலும் கிடக்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

அந்த வீடுகளின் கதவை வாடகை முகவரியால் தட்ட முடியாது. யார் வீட்டுப் பிள்ளை, எதற்குக் கேட்கிறாய் என்றுதான் முதல் கேள்வி வரும். பெயரும் ஊரும் சொன்ன பிறகுதான் பரணிலிருந்து பெட்டி இறங்கும். பெயரின் வரலாறு தேடுபவர் தன் பெயரைச் சொல்லிக் கேட்பதுதானே முறை?